விளிம்பில் தேய்ந்த எண்

2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். வானம் மூடியிருந்தது. தூறல் இல்லை, காற்று மட்டும். எதிர்வீட்டு மொட்டைமாடியின் தகரக் கூரை ஆடிக்காற்றில் விடாமல் தடதடத்தது. பால்கனியில் மாட்டியிருக்கும் வெப்பமானி இருபத்தைந்து டிகிரி காட்டியது. அப்பா மூன்றாவது இட்லியைப் பிட்டார். வாயில் வைக்காமல் அப்படியே தட்டில் போட்டார்.

"இன்னைக்கு ஆடி அமாவாசைதான?"

"ஆமாங்கப்பா."

"இந்த வீதியில இன்னைக்குக் காலைல இட்லி திங்கற கெழவன் நான் ஒருத்தன்தான்."

எங்கள் பக்கத்தில் அமாவாசை விரதம் அப்பாவை இழந்த ஆண்களுக்கானது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் இருந்து, மதியம் காக்கைக்குச் சோறு வைத்த பிறகே இலையில் உட்காருவார்கள். அப்பா உயிரோடிருக்கிறவன் அந்த விரதம் இருந்தால், இருக்கிற அப்பாவைச் செத்தவராக்கியது போல் ஆகிவிடும். என் அப்பாவுக்கு அப்போது தொண்ணூற்றொரு வயது. அதுவரை ஒரு அமாவாசைகூட அவர் பட்டினி கிடந்ததில்லை. அவருடைய அப்பா, என் அப்பாரு, 1941இல் பட்டாளத்துக்குப் போனார். திரும்பி வரவில்லை. செத்துவிட்டார் என்று உறுதியான தகவலும் வரவில்லை.

"எனக்கு இனி எத்தன அமாவாசைன்னு தெரியாது. எங்கய்யன் இருக்காரா இல்லையான்னு தெரியாமயே நான் போயிட்டா நல்லாருக்குமா? நீ படிச்சவன். பாத்துச் சொல்லு. இருக்காருன்னா நான் இட்லி தின்னுட்டே இருக்கறன். இல்லீன்னா ஒருக்காவாச்சும் அவருக்கு எள்ளுந் தண்ணியும் எறைச்சுப்போட்டுப் போறன்."

இருந்தால் அவருக்கு நூற்றுப் பதிமூன்று வயது. இந்தக் கணக்கை நான் ஒவ்வொரு ஆண்டும் போட்டுப் பார்ப்பேன். யாரிடமும் சொன்னதில்லை.

அப்பாரு எங்கள் வீட்டில் இறக்கவே இல்லை. அமராவதிக் கரையில், கொமரலிங்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் நிலம். அதன் பட்டா இன்னும் அவர் பெயரில் இருக்கிறது. ரேஷன் அட்டையில் வெகுகாலம் குடும்பத் தலைவர் அவர்தான். அவர் பங்குச் சர்க்கரையில் நான் காபி குடித்து வளர்ந்தேன். வாக்காளர் பட்டியலிலும் இருந்தார். ஒருமுறை அப்பா ஓட்டுப்போடப் போனபோது, "உங்கய்யன் காலைலயே வந்து போட்டுட்டுப் போயிட்டாருங்களே" என்று சாவடியில் இருந்தவர் சொல்லியிருக்கிறார். யாரோ கள்ள ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று ஊரே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அன்று மாலை வரை சாவடி வாசலிலேயே நின்றுவிட்டு வந்தாராம்.

அவர் உயிரோடிருக்கிறார் என்பதற்கு அவர் மனைவி, என் அப்பாயி, வைத்திருந்த சாட்சி மூன்று மெடல்கள். சண்டை முடிந்து சில வருடங்கள் கழித்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் தபாலில் வந்தவை. அப்போது அப்பாவுக்குப் பதினாறு வயது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு துண்டுச் சீட்டு. ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். "சண்டையில நல்லா வேலை பார்த்ததுக்கு சர்க்கார் குடுத்திருக்குது" என்று அவர் படித்துச் சொன்னார். அப்பாயி உடனே முடிவு செய்துவிட்டாள்.

"செத்தவனுக்கு ஆராச்சும் பரிசு குடுப்பாங்களா? இருக்கறவனுக்குத்தான் குடுப்பாங்க. எங்கியோ இருக்கறாரு. வருவாரு."

அதற்கு முன்பே தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் பென்ஷன் காகிதத்தோடு வந்திருக்கிறார். கைநாட்டு வைத்தால் மாதாமாதம் பணம் வரும். அது விதவைக்குத் தரும் பணம் என்று தெரிந்ததும் அப்பாயி அவரை வாசலோடு அனுப்பிவிட்டாள். மெடல் வந்த பிறகு அவள் செய்தது சரி என்று ஊரே ஒத்துக்கொண்டது. கல்யாணச் சீர்களில் தாலியோடு முன்னால் நின்றாள். 1981இல் அவள் இறந்தபோது மஞ்சள் பூசி, பூ வைத்து, சுமங்கலியாகத்தான் எடுத்தோம். எரியூட்டிவிட்டு வந்த அன்று அப்பா என்னிடம், "அவரு வந்து கேட்டா என்ன சொல்றது?" என்றார். விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

மெடல்கள் அப்பாவின் பெட்டியில் இருந்தன. ஒன்று நட்சத்திர வடிவம், இரண்டு வட்டம். நாடாக்கள் எப்போதோ மக்கிப் போய்விட்டன. பட்டாளத்தில் விசாரிக்க வேண்டுமானால் முதலில் அவருடைய எண் வேண்டும். அந்த எண் மெடலின் விளிம்பில் வெட்டப்பட்டிருக்கும் என்று சொன்னவர் எங்கள் வீதியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார். தென்காசிப் பக்கத்துக்காரர். இப்போது பனியன் கம்பெனிகளுக்குக் காவலுக்கு ஆள் அனுப்புகிறார். மெடல்களைக் கையில் வாங்கியதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி, மெடலா இது, குத்துவிளக்கா? இப்படிப் பளபளன்னு வச்சிருக்கீய!"

அப்பாயி வருடாவருடம் போகியன்று பித்தளைப் பாத்திரங்களோடு சேர்த்து இவற்றையும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குவாள். துடைத்துக் குங்குமம் வைப்பாள். முப்பது போகிக்குக் குறையாது. விளிம்பு எழுத்துகள் பாதிக்குமேல் போய்விட்டிருந்தன; ஒரு வட்ட மெடலில் மட்டும் எண் மிஞ்சியிருந்தது.

நான் முப்பத்து நான்கு வருடம் பனியன் கம்பெனியில் துணி பரிசோதகராக இருந்தவன். ஓர் அங்குலத் துணியில் எத்தனை பின்னல் கண்ணி என்று எண்ணிச் சொல்வதுதான் வேலை. அதற்கு வைத்திருந்த, உருவைப் பெரிதாக்கிக் காட்டும் மடக்குக் கண்ணாடி இன்னும் என் மேசையில் இருக்கிறது. வெயில் விழும் சன்னலருகே உட்கார்ந்து விளிம்பை அதன் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆறு இலக்கம். ஐந்து தெளிவாக விழுந்தன. நான்காவது மட்டும் பாதி தேய்ந்திருந்தது. மூன்று என்று படித்தேன். மறுநாள் பார்த்தேன், மூன்றுதான். மூன்றாம் நாளும் மூன்றுதான்.

மனுவைத் தட்டச்சு செய்து, நகல் எடுத்து, மலைமேல் இருக்கும் பட்டாள ஆவண அலுவலகத்துக்கு விரைவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் கேட்டருகே நின்றேன். என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க, எம்பது வருசத்துக்கு முன்னால காணாமப் போனவரைத் தேடறீங்க, சரி. பத்து நாளாக் காணாமப் போன கேஸ் சிலிண்டரை எப்பத் தேடுவீங்க?"

அக்டோபர் கடைசியில் சுபேதார் வீட்டுக்கே வந்தார். அந்த அலுவலகத்தில் அவருக்குத் தெரிந்த எழுத்தர் ஒருவர் இருந்தார். அவரிடம் தொலைபேசியில் எண்ணைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அப்பாவும் கூடத்தில் இருந்ததால் அவர் முன்னாலேயே சொன்னார்.

"நல்ல சேதிதான் பெரியவரே. அந்த நம்பர்க்காரரு சண்டையில சாகல. நாப்பத்தாறுல டிஸ்சார்ஜ் ஆயிருக்காரு. ஊருக்குப் போக ரயில் பாஸும் குடுத்து அனுப்பியிருக்காங்க. கடுதாசி பின்னால வரும்னாங்க."

சுபேதார் காபி குடித்துவிட்டுப் போன பிறகு அப்பா கேட்டார்.

"ஊருக்குன்னு பாஸ் வாங்கீட்டு, அப்பறம் எங்க போனாரு?"

செத்துப்போயிருப்பார் என்பதற்கு நான் தயாராக இருந்தேன். அப்பாவும் தயாராகத்தான் இருந்தார். திரும்பி வந்தும் வீட்டுக்கு வராமல் போயிருப்பார் என்று எங்கள் இருவருக்கும் தோன்றியதே இல்லை.

அதன் பிறகு மூன்று வாரம். அப்பா சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தன் சிறுவயதில் ஊருக்கு வந்துபோன அந்நியர்களை ஒவ்வொருவராக எடுத்து வைத்தார். மாட்டுத் தரகர் ஒருவர். கூத்துக்காரரோடு வந்து மூன்று நாள் தங்கியவர் ஒருவர். கடைசியில் இன்னொருவர்.

"எனக்குப் பதிமூணு வயசிருக்கும். பொழுது சாயற நேரம். கெணத்து மேட்டுல ஒரு ஆளு வந்து நின்னான். காக்கி டவுசர். தண்ணி கேட்டான். நாந்தான் மொண்டு ஊத்துனன். குடிச்சுப்போட்டு, நல்லா இருங்க சாமின்னு சொல்லீட்டுப் போனான். பெரிய மனுசன் என்னையப் பாத்து இருங்கன்னான். அதுனாலதான் இன்னும் ஞாபகம் இருக்குது."

"அவரா இருக்காதுங்கப்பா."

"நாப்பத்தாறுல எனக்கு என்ன வயசு?"

பதிமூன்று. அவருக்கே தெரியும்.

பிறகு அவர் அந்த மனிதரின் முகத்தைத் தேடத் தொடங்கினார். மீசை இருந்ததா, இல்லையா. தண்ணீர் குடிக்கும்போது கையைக் குவித்தாரா, செம்பை வாங்கினாரா. காலையில் ஒரு விதமாகச் சொல்வார், மாலையில் வேறு விதமாகச் சொல்வார். ஒருநாள் நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது என் பின்னால் வந்து நின்று கண்ணாடியில் என்னையே பார்த்தார். "தாடை இப்படித்தான் இருந்துது" என்றார். பாதிச் சவரத்தோடு நின்ற எனக்கு, என் தாடையே வேறு யாருடையதோ போல் இருந்தது.

கிணற்றைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கார் வைத்துக்கொண்டு மூன்று பேரும் போனோம். நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துப் பல வருடம் ஆகிறது. கிணறு தூர்ந்து, பாதிவரை தேங்காய் மட்டையும் மண்ணும் நிறைந்து கிடந்தது. அப்பா மேட்டில் என்னை நிற்க வைத்துவிட்டு, தான் அன்று தண்ணீர் மொண்ட தொட்டி இருந்த இடத்துக்குப் போய் நின்றார்.

"இன்னுங் கொஞ்சம் அக்கட்ட போ. ஆ, அங்கதான். இப்பப் போ, திரும்பிப் பாக்காம போ."

நான் நடந்தேன். தென்னைகளுக்கிடையே இருபது முப்பது அடி போன பிறகும் அவர் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது. என் மனைவிதான் வரப்பிலிருந்து கத்தினாள்.

"ஏனுங்க, எங்கீங்க போறீங்க? மாமா அழுகறாருங்க!"

அலுவலகத்தின் கடிதம் நவம்பரில் வந்தது. பட்டாளத்துக்காரர்களின் கடிதம் சுருக்கமாகத்தான் இருந்தது. எண், பெயர், தந்தை பெயர், ஊர், விடுவிக்கப்பட்ட விவரம். பெயர் எங்கள் அப்பாருவின் பெயர்தான். இந்தப் பக்கத்தில் நாலு வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கும் பெயர். ஆனால் தந்தை பெயர் வேறு. ஊர் சேலத்துக்குப் பக்கத்தில் எங்கோ. அவர் வேறு ஒருவர். யாரோ ஒரு வீட்டுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தவர்.

மடக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு மறுபடி சன்னலருகே உட்கார்ந்தேன். இந்தமுறை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மெடலைச் சாய்த்தேன். அந்த நான்காவது இலக்கத்தின் இடப்பக்கத்தில், மயிரிழைபோல, புளியும் சாம்பலும் தேய்த்ததில் மிஞ்சிய இரண்டு வளைவுகள் தெரிந்தன. மூன்று இல்லை. எட்டு.

அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மெடலை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அந்தத் தண்ணி குடிச்ச ஆளு?"

"யாரோ வழிப்போக்கருங்கப்பா."

"யாரோவா" என்று சொல்லிவிட்டு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். மறுபடி மனு எழுதினேன். இந்தமுறை எண்ணை மட்டும் நம்பாமல் தந்தை பெயர், ஊர், மனைவி பெயர் எல்லாவற்றையும் எழுதினேன்.

2025 ஜனவரி இரண்டாம் வாரம் பதில் வந்தது. அதில் எல்லாம் பொருந்தியது. லாரி ஓட்டுநர். பர்மாவிலிருந்து படை பின்வாங்கி வந்த வழியில் காணாமற்போனவர். 1942 ஏப்ரலிலோ அதன் பிறகோ இறந்ததாகக் கொள்ளப்படுகிறார். உடல் கிடைக்கவில்லை. குடும்ப ஓய்வூதியத்தை வாரிசு ஏற்கவில்லை. இறந்தவருக்குரிய மெடல்கள் வாரிசான மனைவிக்கு அனுப்பப்பட்டன.

இறந்தவருக்குரிய மெடல்கள். அந்த வரியை அப்பாவுக்கு இரண்டு முறை தமிழில் சொன்னேன். உயிரோடிருந்திருந்தால் அவரே நேரில் வாங்கியிருப்பார். செத்துப்போனதால்தான் அவை வீடு தேடி வந்தன. அப்பாயி முப்பது வருடம் துலக்கிக் குங்குமம் வைத்தது அவருடைய சாவுச் செய்திக்கு. அந்தத் துண்டுச் சீட்டைப் படித்தவர் பாதியை மறைத்தாரா, அவருக்கு அவ்வளவுதான் புரிந்ததா, இனித் தெரியப்போவதில்லை.

அப்பா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவர் மனம் கடிதத்தின் வேறொரு வரியில் நின்றுவிட்டது.

"ஏப்ரல்லயோ அதுக்குப் பொறவோன்னா? பொறவுன்னா எப்ப?"

"அவங்களுக்கும் தெரியாதுங்கப்பா. அந்த மாசந்தான் கடைசியாப் பாத்திருக்காங்க."

"அதுக்குப் பொறவு நடந்து வந்திருப்பாரு" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கொஞ்ச தூரமாச்சும் வந்திருப்பாரு. வர மாட்டேன்னு இருந்தவரில்ல" என்றார்.

அன்று இரவு இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார். என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இறந்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கொடுக்கலாம் என்று ஐயர் சொல்லிவிட்டார். அந்த மாதம் 29ஆம் தேதி தை அமாவாசை. அமராவதிக் கரைக்குப் போனோம். வெயில் ஏறியிருந்தது, தண்ணீர் முழங்கால் அளவு. அப்பா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மயக்கம் வந்துவிடுமோ என்று நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டே இருந்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"விடுறா. எங்கய்யனுக்குப் பட்டினி கெடக்க இப்பத்தான் குடுத்து வெச்சிருக்குது."

தர்ப்பையை மாட்டிவிட்டு ஐயர் கேட்டார். "தகப்பனார் பேரு சொல்லுங்கோ."

அப்பா வாயைத் திறந்தார். மூடினார். பெற்ற தகப்பன் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஐயர் இரண்டாம் முறை கேட்டார். அப்பா தர்ப்பை மாட்டிய கையால் என்னைக் காட்டினார்.

"இவன் பேருதானுங்க, சாமி."

தலைப்பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது முறை. எனக்கும் அப்படித்தான் வைத்தார்கள். அப்பாயிக்கு அது கணவன் பெயர், அம்மாவுக்கு மாமனார் பெயர், அப்பாவுக்குத் தகப்பன் பெயர். ஆகவே வீட்டில் ஒருவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றுதான் அந்தப் பெயரைப் பிறர் வாயிலிருந்து முதலில் கேட்டேன்.

ஐயர் என் பக்கம் திரும்பி, "அப்ப நீங்க சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். அவர் அதை மந்திரத்தில் சேர்த்து உரக்கச் சொன்னார். அப்பாவின் கையிலிருந்து எள்ளும் தண்ணீரும் ஆற்றில் விழுந்தன. மூன்று முறை என் பெயரைச் சொல்லி நீர் விட்டார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குப் பின்னால் யாரோ தண்ணீரில் காலை எடுத்து வைப்பது போல இருந்தது. பார்த்தேன். வரிசையில் காத்திருந்த ஒரு குடும்பம், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து, மாடியில் காக்கைக்குச் சோறு வைத்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்ததும் அப்பா கணக்குக் கேட்டார். தகப்பனுக்குச் செய்யும் காரியத்தில் மகன் காசுதான் போக வேண்டும், பேரன் காசு சேரக் கூடாது என்றார். தேங்காய்க் குத்தகைப் பணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். மொத்தம் ஏழாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றெட்டு ரூபாய். படிக்கப் படிக்க ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முதல் மனு என்று படித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது நீ தப்பாப் படிச்ச நம்பருக்கு. அது எங்கய்யன் செலவில்ல. கெணத்துக்குப் போனதும் எங்கய்யன் செலவில்ல. அதை நீ வெச்சுக்க."

நாலாயிரத்து இருநூற்று இருபத்தொன்பது ரூபாயை எண்ணி என் கையில் கொடுத்தார். மீதி என்னுடையது. தட்டச்சு அறுபது, நகல் எட்டு, விரைவுத் தபால் நாற்பத்தொன்று, கிணற்றடிக்குப் போய் வந்த கார் வாடகை இரண்டாயிரத்து எண்ணூறு, போகும் வழியில் மூன்று பேருக்குக் காபி அறுபது. ஆக இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது ரூபாய்.